கேள்வி பதில்: லூப்புக்குள் விழும் புரோகிராம்

கேள்வி: தோட்டத்து செக்றோல் (தொழிலாளர் வேலைப் பதிவேடு) கணக்கைச் சரிபார்க்க சி பிளஸ் பிளஸில் ஒரு புரோகிராம் எழுதுகிறேன். பேர் (முழுநாள் வேலை), அரைப் பேர் (அரைநாள்), கொழுந்துக் கிலோ எல்லாவற்றையும் ஒரே லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில், வாசிக்கும். ஒரு மாதக் கணக்கைக் கொடுத்தால் பாதியில் விழுந்துவிடுகிறது. சந்தேகம் வந்த இடமெல்லாம் பிரேக்பொயிண்ட் (ஓட்டத்தை நிறுத்தும் குறி) வைத்தேன். இப்போது எங்கே, எதற்காக நிற்கிறது என்றே விளங்கவில்லை. ஜி.டி.பி. என்ற டிபக்கரை (பிழை தேடும் கருவி) பாவிக்கிறேன்.
- வாசகி, டிக்கோயா

பதில்: தங்கச்சி, வைத்ததை எல்லாம் அழித்துவிடாதீர்கள். யோசித்து வைத்த இடங்கள் அவை. 'டிஸ்ஏபிள்' என்று மட்டும் அடியுங்கள். எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் நிறுத்தாது. வேண்டியதை மட்டும் பிறகு எண்ணைச் சொல்லி 'இனேபிள்' செய்யலாம்.

இனி லூப்புக்கு உள்ளே இருக்கும் முதல் வரியில் ஒன்றே ஒன்று வையுங்கள். அதற்கு 9ஆம் எண் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 'இக்னோர் 9 1000000' என்று கொடுத்தால், பத்து லட்சம் தடவை வரை அந்த இடத்தில் நிற்காது. ஓட விடுங்கள். விழுந்ததும் 'இன்ஃபோ பிரேக்பொயிண்ட்ஸ்' கேளுங்கள். நிற்காமல் தாண்டிய தடவைகளையும் ஜி.டி.பி. எண்ணி வைத்திருக்கும். 3127 என்று காட்டினால், அந்த 3127ஆவது சுற்றுக்குள் போன பிறகுதான் விழுந்திருக்கிறது. இப்போது 'இக்னோர் 9 3126' கொடுத்து மறுபடி 'ரன்'. சரியாக அந்தச் சுற்றின் தொடக்கத்தில் நிற்கும். அங்கிருந்து 'நெக்ஸ்ட்' போட்டு வரி வரியாகப் போங்கள். எந்தத் தொழிலாளியின் எந்த நாள் பதிவு என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கும். பண்டாரவளையில் என் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஒவ்வொரு முறையும் அதே கோப்பை அதே வரிசையில் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் எண்ணிக்கை வேண்டாம். பிரேக்பொயிண்ட்டோடு 'இஃப்' சேர்த்து, தொழிலாளர் எண் 412 ஆனால் மட்டும் நில் என்று சொல்லலாம். ஆனால் நிபந்தனை பொய்யானாலும் ஜி.டி.பி. ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் விடும். பெரிய லூப்பில் ஓட்டம் நன்றாகவே மெதுவாகும்.

கிலோ மொத்தம் காரணம் தெரியாமல் மாறுகிறதா? அதற்கு 'வாட்ச்'. எந்த வரி அந்த மதிப்பை மாற்றினாலும் பிடித்துக் கொடுக்கும். கண்காணிக்கும் நினைவக இடத்தைக் குறித்து வைக்க, இன்டெல் வகைச் சிப்பில் நான்கு முகவரிப் பதிவேடுகள்தான் உண்டு. ஆகவே உண்மையில் சந்தேகப்படும் ஒன்றிரண்டுக்கு மட்டும் வையுங்கள்.

அப்புறம், மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 'சேவ் பிரேக்பொயிண்ட்ஸ்' என்று ஒரு கோப்புப் பெயரோடு கொடுத்துவையுங்கள். அடுத்த முறை 'சோர்ஸ்' கொடுத்தால் எல்லாம் திரும்பி வரும்.

கேள்வி: பிரின்ட் போட்டுப் பார்த்தாலே போதுமே, டிபக்கர் எதற்கு?
- வாசகர், பதுளை

பதில்: சின்ன புரோகிராமுக்குப் போதும் தம்பி. பெரியதில் ஒவ்வொரு பிரின்ட்டுக்கும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், கடைசியில் தேடித் தேடி அழிக்கவும் வேண்டும். ஜி.டி.பி.யில் 'டிபிரின்ட்எஃப்' இருக்கிறது. சொன்ன வரியில் மதிப்பை அச்சிட்டுவிட்டு நிற்காமல் ஓடும்; உங்கள் கோட்டில் ஒரு எழுத்தும் மாறாது.