பொருந்தாத சாட்சிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வடகொரியாவிலிருந்து தப்பி வந்தவர்களின் பேட்டிகளை யூடியூபில் விடாமல் பார்க்கிறேன். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு பொருந்தவில்லை. சிலர் முன்பு சொன்னதையே மாற்றுகிறார்கள். எல்லாம் அமெரிக்கப் பிரச்சாரம்தானோ? இப்போது ரஷ்யா வடகொரியாவோடு கைகோத்துவிட்டது, அமெரிக்காவும் பழைய அமெரிக்கா இல்லை. இனி இவர்கள் கதி என்ன?

எஸ்.கே., கோவை

அன்புள்ள எஸ்.கே.,

உலக அரசியலுக்குத் தொலைக்காட்சியில் தினமும் ஆள் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். ‘பொருந்தவில்லை’ என்கிறீர்களே, அதைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

1997இல் ஹ்வாங் ஜாங்-யோப் பெய்ஜிங்கில் தென்கொரியத் தூதரகத்துக்குள் போய் அடைக்கலம் கேட்டார். வடகொரியாவின் ‘ஜூச்சே’ என்ற சுயசார்புக் கொள்கையை வகுத்ததில் முக்கியமானவர். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு மூத்த தோழர் இருந்தார், என்னை வாசிக்க வைத்தவர், தங்கமான மனுஷர். செய்தியைப் படித்ததும் “காசு வாங்கியிருப்பான்” என்றார். அங்கே பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. “சரி தோழர், இவருக்குக் காசு கொடுத்தார்கள். சோறில்லாமல் டூமென் ஆற்றைக் கடந்து சீனாவுக்கு ஓடுகிற பெண்களுக்கு யார் கொடுத்தது?” என்று கேட்டேன். அப்புறம் கொஞ்ச காலம் என்னோடு பேசவில்லை. இதே தோழர், வலதுசாரி சர்வாதிகாரி பினோசேயின் சிலியிலிருந்து தப்பியவர்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடச் சந்தேகப்பட்டதில்லை. தப்பி வந்தவன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தான் என்று பார்த்துவிட்டு அவன் வாயைத் திறக்கச் சொல்கிறோம். நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள், யூடியூப் என்பதுதான் புதுசு.

வடகொரியச் சிறைமுகாமிலிருந்து தப்பி வந்த ஷின் டாங்-ஹியோக்கை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 14ஆம் எண் முகாமில் நடந்ததாகச் சொன்ன சிலவற்றை, 18ஆம் எண் முகாமில் நடந்தவை என்று 2015இல் திருத்தினார். தப்புதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு வந்த வடகொரிய மனித உரிமை மீறல்கள் பற்றிய ஐ.நா. விசாரணை ஆணைய அறிக்கை அவரை மட்டும் நம்பி எழுதப்படவில்லை. 80க்கும் மேற்பட்டவர்கள் பகிரங்கமாகச் சாட்சி சொன்னார்கள், 240க்கும் மேற்பட்டவர்களிடம் ரகசியமாகக் கேட்டார்கள். அதில் எத்தனை பக்கம் படித்தீர்கள்?

ஊரில் அம்மாவோ தம்பியோ இருக்கும்போது யாரும் ஊர் பெயரையும் தேதியையும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். அதோடு நம் பசியும் சேர்கிறது. தென்கொரியா வந்து சேர்ந்த 34,000 பேருக்கும் மேலானவர்களில் எழுபது சதவீதத்துக்கும் அதிகம் பெண்கள். “பசித்தது, வந்தேன். சீனாவில் என்னை ஒருவனுக்கு விற்றார்கள். இப்போது சியோலில் பாத்திரம் கழுவுகிறேன்” என்று ஒருத்தி சொன்னால் எத்தனை பேர் முழுதாகப் பார்ப்பீர்கள்? போன முறையைவிடக் கொடூரமாக ஒன்று வேண்டும் உங்களுக்கு. கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் மிகைப்படுத்துகிறாள் என்று கடிதமும் எழுதுவீர்கள்.

கதி என்ன என்றீர்கள். 2009இல் தென்கொரியாவுக்கு 2,914 பேர் வந்தார்கள். கொரோனாவில் எல்லையை அடைத்த பிறகு, 2021இல் 63 பேர். 2024இல் 236. சீனா இவர்களை அகதிகளாகவே ஏற்பதில்லை, பிடித்தால் திருப்பி அனுப்புகிறது. ரஷ்யாவுக்காகப் போரிடப் போய் உக்ரைனிடம் பிடிபட்ட வடகொரிய வீரர்களில், தென்கொரியா போக விரும்புகிறவர்களை ஏற்கத் தயார் என்று சியோல் சொல்லியிருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த அறிக்கையைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், மனம் மாறாவிட்டாலும் சரி.