பொங்காத இட்லி மாவு: குளிர் மட்டும் காரணமில்லை

ஊட்டிக் குளிரில் 14 மணி நேரம் வைத்தும் மாவு அசையவில்லை, சீக்கிரம் ஊறட்டும் என்று உளுந்தில் கொதிநீர் ஊற்றினேன், இனி ஈஸ்ட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர் பாதிக் குற்றவாளிதான். மீதி அந்தக் கொதிநீர்.

இட்லி மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியாவுக்கு. உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவது அது. ஊறும்போதே பெருகத் தொடங்கிவிடும். புளிப்பும் அதன் வேலை, மாவை உப்ப வைக்கும் கரியமில வாயுவும் அதன் வேலை. அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. கொதிநீரில் பாக்டீரியாவில் பெரும்பகுதி செத்திருக்கும். பிறகு எத்தனை மணி நேரம் காத்திருந்து என்ன பயன்?

ஈஸ்ட் வேண்டாம். ஆப்பத்துக்கு அது பொருந்தும், முன்பு கள் ஊற்றிப் புளிக்க வைத்த பலகாரம்தானே. இட்லியில் ரொட்டி வாடை வந்துவிடும்.

பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி புளித்த மாவு வாங்கிக் கலந்து, பாத்திரத்தை வெதுவெதுப்பான நீருள்ள அகலமான சட்டிக்குள் இறக்கி, கம்பளியால் மூடுங்கள். சூடு 30 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். நீர் ஆறினால் மாற்றுங்கள். துர்நாற்றமோ நிறமாற்றமோ தெரிந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

அடுத்த முறை உளுந்தைப் பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள், அந்த நீரையே தெளித்து அரையுங்கள். மிக்சி என்றால் நடுநடுவே நிறுத்துங்கள். நானும் ஒருமுறை ஜாடி கைசுடும்வரை ஓட்டிவிட்டு, மறுநாள் காலை ரவை உப்புமா கிண்டியவன்தான்.