பின் எண் மறந்தால் மதர்போர்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் 43 அங்குல ஸ்மார்ட் டிவி ஒன்று வாங்கிக் கொடுத்தான். விடுமுறைக்கு வந்திருந்த பேரன் அதில் ஏதோ நான்கு இலக்கப் பின் எண்ணைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். இப்போது கேட்டால் அவனுக்கே நினைவில்லை. கடைத்தெருவில் டிவி பழுது பார்ப்பவர், மதர்போர்டை மாற்ற வேண்டும், 6,500 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
— ஒரு வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பின் எண் மறந்ததற்காக மதர்போர்டை மாற்றச் சொல்வது, சாவி தொலைந்ததென்று பத்தாயத்தையே மாற்றச் சொல்வதற்குச் சமம். அந்த எண் டிவியின் நினைவகத்தில் பதிந்திருக்கும் ஒரு விவரம் மட்டுமே. அதை அழிக்கும் வழியைத் தயாரிப்பு நிறுவனங்களே டிவிக்குள் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் ரிமோட்டைத் தவிர வேறு எதுவும் தேவைப்படாது.

பேரன் பூட்டியது எதை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டிவிக்கென்று ஒரு பூட்டு உண்டு, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று உண்டு, நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ போன்ற செயலிகளுக்குத் தனித்தனியே உண்டு. எல்லாமே ஒரே திரையில் எண் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. எண் கேட்கும் கட்டம் திரையில் நிற்கும்போதே செட்டாப் பாக்ஸின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். கட்டம் மறைந்து சிக்னல் இல்லை என்று வந்தால் பூட்டு பாக்ஸினுடையது. அரசு கேபிள் என்றால் உங்கள் ஊர் கேபிள்காரரிடம் சொல்லுங்கள், டிடிஎச் என்றால் பதிவு செய்த கைபேசி எண்ணிலிருந்து அந்த நிறுவனத்தை அழையுங்கள். குறிப்பிட்ட ஒரு செயலியைத் திறக்கும்போது மட்டும் எண் கேட்டால், டிவியை என்ன செய்தாலும் அது போகாது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கைபேசியிலோ கணினியிலோ அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்து பின் எண்ணை மாற்ற வேண்டும். உங்கள் வீட்டில் அது மகனாகத்தான் இருக்கும். சிங்கப்பூரில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னதாக இருப்பதால், நமக்கு இரவு எட்டு மணி ஆகும்போது அவருக்குப் பத்தரை ஆகியிருக்கும் என்பதை நினைவில் வைத்து அழையுங்கள்.

பூட்டு டிவியினுடையது என்று உறுதியானால், முதலில் 0000 என்று அடித்துப் பாருங்கள். சாம்சங், எல்ஜி இரண்டிலும் தொழிற்சாலையிலிருந்து வரும் எண் பொதுவாக அதுதான். அது ஏற்கவில்லை என்றால், எண் பொத்தான்கள் உள்ள பழைய ரிமோட்டோடு வந்த சாம்சங் டிவியில், டிவியை ரிமோட்டால் அணைத்துச் சிவப்பு விளக்கு எரியும் நிலையில் வைத்துக்கொண்டு, மியூட், 8, 2, 4, பவர் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக அழுத்தினால் பின் எண் மீண்டும் 0000 ஆகிவிடும். எண் பொத்தான் இல்லாத சிறிய ரிமோட் என்றால், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலியைக் கூட்டும் பொத்தான், ரிட்டர்ன், ஒலியைக் குறைக்கும் பொத்தான், ரிட்டர்ன், மறுபடி கூட்டும் பொத்தான், ரிட்டர்ன் என்று அழுத்த வேண்டும். எல்ஜியில் அமைப்புகளில் உள்ள பூட்டுப் பகுதிக்குப் போய், கடவுச்சொல்லை மாற்றும் வரியின் மேல் நின்றுகொண்டு, சேனல் பொத்தானை மேல், மேல், கீழ், மேல் என்று அழுத்தினால் ஒரு எண் கேட்கும். 0313 என்று கொடுத்தபின் உங்களுக்கு விருப்பமான புதிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். பழைய சோனி பிராவியா டிவிகள் பலவற்றில் 9999 என்ற எண்ணை எப்போதும் ஏற்கும்.

இதில் அவசரம் கூடாது என்பதைச் சொந்த அனுபவத்தில் கண்டேன். கும்பகோணத்தில் என் அக்கா வீட்டு டிவியில் இந்த மியூட், 8, 2, 4 வரிசையை மூன்று முறை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. ரிமோட்டின் மேல் அக்கா போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறை உப்பிப் போய், 8 என்ற பொத்தான் சரியாக அழுந்தாமல் இருந்திருக்கிறது. உறையைக் கழற்றிவிட்டு நிதானமாக அழுத்தியதும் டிவியின் திரை தானாகவே ஒளிர்ந்தது. அந்த வீட்டிற்கும் ஒருவர் வந்து "சாஃப்ட்வேர் போய்விட்டது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆண்ட்ராய்டு அல்லது கூகுள் டிவி என்றால், அமைப்புகளில் சாதனம் பற்றிய பகுதிக்குள் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கும் வழி இருக்கும். அமைப்புகளே பூட்டியிருந்தால், பல மாடல்களில் மின் இணைப்பைத் துண்டித்து, டிவியிலேயே உள்ள பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மீண்டும் இணைப்புக் கொடுத்தால் அதே வேலை நடக்கும். சில மாடல்களில் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இப்படிச் செய்தால் செயலிகள், கணக்குகள், வைஃபை இணைப்பு எல்லாம் அழிந்துவிடும். ஆகவே வைஃபை கடவுச்சொல்லும், மகனுடைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லும் கையில் இருக்கும்போது மட்டுமே, கைபேசிக்கு வரும் ஓடிபியை அவர் உடனே தெரிவிக்கக்கூடிய நேரமாகப் பார்த்து, இதைத் தொடங்குங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் நிறுவனத்தின் சேவை மையத்தை அழையுங்கள். ஆனால் அந்த எண்ணை வாரண்டி அட்டையிலோ பில்லிலோ பார்த்து எடுங்கள். இணையத்தில் தேடி முதலில் வரும் எண்ணை நம்பி அழைக்க வேண்டாம் என்று மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். போலிச் சேவை மையக்காரர்கள், கைபேசியில் ஒரு செயலியை ஏற்றச் சொல்லித் திரையைப் பார்த்துக்கொண்டே வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். பின் எண்ணை மாற்ற உங்கள் வங்கி ஓடிபி யாருக்கும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பழுது பார்ப்பவர் இன்னும் போர்டைத்தான் மாற்ற வேண்டும் என்றால், என்ன பழுது, எந்தப் பாகம், எவ்வளவு தொகை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றும் பழைய போர்டைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்லுங்கள். பாதிப் பேர் இதிலேயே பின்வாங்கிவிடுவார்கள். இல்லாத பழுதைச் சொல்லி ஏற்கெனவே பணம் வாங்கியிருந்தால் அதற்கும் வழி உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் சொல்வதால், நூறு ரூபாய் வேலைக்கும் பில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வேளாங்கண்ணியில் ஒரு விடுதியில் கழித்துவிட்ட டிவியைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். மெனு திறக்கவே மறுக்கிறது, ஒலியும் ஓர் அளவுக்கு மேல் கூடவில்லை. பின் எண்ணும் கேட்கவில்லை. பழுதா?
— ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பழுது இல்லை. தங்க வருகிறவர்கள் அமைப்புகளை மாற்றாமலும், பக்கத்து அறைக்குத் தொந்தரவு இல்லாமலும் இருப்பதற்காக விடுதி டிவிகளில் ஹோட்டல் மோடு என்ற ஏற்பாட்டை வைத்திருப்பார்கள். மேலே சொன்ன பின் எண் வழிகள் இதற்கு உதவாது. சேவைப் பணியாளர்கள் பயன்படுத்தும் மெனுவில்தான் இதை நீக்க வேண்டும். அந்த மெனுவில் கை தவறி வேறு எதையாவது மாற்றினால் படமே வராமல் போகக்கூடும் என்பதால் நீங்களே முயலாதீர்கள். விடுதியில் டிவிகளைப் பொருத்தியவர் யார் என்று கேட்டு, அவரைக் கொண்டே நீக்கச் செய்யுங்கள். இன்னும் பாக்கித் தொகை கொடுக்கவில்லை என்றால், மெனு திறப்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள்.