பி.ஏ.வா, பி.எஸ்ஸி.யா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு உளவியல் படிக்க இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் அது பி.ஏ., மற்றொன்றில் பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. உறவினர்களோ பி.எஸ்ஸி.தான் மேல் என்கிறார்கள். உளவியல் கலைப் பாடமா, அறிவியல் பாடமா?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: உங்கள் உறவினர்கள் சொல்வது நம் ஊரில் நெடுநாளாக ஊறிப்போன கருத்து. பிளஸ் ஒன்னில் குரூப் தேர்ந்தெடுக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. ஆனால் பட்டத்தின் எழுத்துகள் பாடத்தின் இயல்பைவிட, அதை வழங்கும் பல்கலைக்கழகத்தின் வழக்கத்தையே அதிகம் சொல்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த சி.வி. ராமன் 1904-இல் பெற்றது பி.ஏ. பட்டம், 1907-இல் பெற்றது எம்.ஏ. அவருடைய அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர் அதே கல்லூரியில் அதே பாடத்தைப் படித்து 1930-இல் பெற்றதோ பி.எஸ்ஸி. ஆனர்ஸ். இடைப்பட்ட 26 ஆண்டுகளில் இயற்பியலே தலைகீழாக மாறிப்போனது உண்மைதான். என்றாலும் பட்டத்தின் பெயர் மாறியதற்கு அது காரணமல்ல. கேம்பிரிட்ஜில் இயற்பியலை இளநிலையோடு முடித்துக்கொள்கிறவருக்கு இன்றைக்கும் பி.ஏ.தான்.

இந்தியாவில் எந்தெந்தப் பெயர்களில் பட்டம் வழங்கலாம் என்பதை, 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவின்படி, அந்தக் குழு (யு.ஜி.சி.) அரசிதழில் வெளியிடுகிறது. அந்தப் பெயர்களில் எதற்குள் எந்தப் பாடத்தை வைப்பது என்பது பெரும்பாலும் பல்கலைக்கழகங்களின் முடிவு. அதனால்தான் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ.வாக இருக்கும் புவியியல் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் பி.எஸ்ஸி.யாக இருக்கிறது.

உளவியல் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு, யாருடைய பட்டியலைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே பதில் சொல்ல முடியும். உதவிப் பேராசிரியர் பணிக்கான நெட் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிர் அறிவியல், புவி அறிவியல் ஆகிய துறைகளுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தனியாக நடக்கிறது. உளவியல் அதில் இல்லை. யு.ஜி.சி. நெட் பட்டியலில் பொருளாதாரம், அரசியல் அறிவியல், தத்துவம் ஆகியவற்றை அடுத்து 04 என்ற எண்ணில் அது இருக்கிறது. எம்.ஏ. படித்தவரும் எம்.எஸ்ஸி. படித்தவரும் எழுதுவது அதே தாளைத்தான். யுனெஸ்கோவின் 2013-ஆம் ஆண்டுப் பாடத் துறைப் பட்டியலும் உளவியலுக்கு 0313 என்று எண் கொடுத்து சமூக அறிவியலுக்குள் வைக்கிறது. ஆக, பி.எஸ்ஸி. என்ற பெயரால் உங்கள் மகளுக்குத் தனியாக ஒரு கதவு திறக்கப்போவதில்லை.

கவனிக்க வேண்டியவை வேறு. உளவியல் செய்முறைத் தாள் எத்தனை பருவங்களில் இருக்கிறது, புள்ளியியல் கட்டாயமா, ஆய்வகம் உண்மையிலேயே இயங்குகிறதா என்று இரு கல்லூரிகளிலும் கேளுங்கள். பிறகு, மகள் மேற்கொண்டு சேர விரும்பும் முதுநிலைப் படிப்பின் சேர்க்கை அறிவிப்பை எடுத்து, தகுதி என்ற வரியை எழுத்தெண்ணிப் படியுங்கள். அரசு வேலை நோக்கமென்றால் இது இன்னும் முக்கியம். எனக்குத் தெரிந்த ஒரு மாணவரின் பட்டத்தில் ‘பயன்பாட்டு’ என்ற ஒரு சொல் கூடுதலாக இருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பின்போது, அந்தப் பட்டம் அறிவிக்கையில் உள்ள பட்டத்துக்கு இணையானது என்பதற்கு அரசாணை கேட்டார்கள். மூன்று ஆண்டுகள் படித்த பாடத்தைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வியும் எழவில்லை.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் பொருளாதார முதுநிலைப் படிப்புக்கு இரு பல்கலைக்கழகங்களில் தேர்வாகியிருக்கிறான். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகங்கள் தரும் ஐ-20 படிவம் ஒன்றில் 45.0601 என்றும் மற்றொன்றில் 45.0603 என்றும் இருக்கிறது. இரண்டாவதுதான் நல்லது என்கிறார்கள். இந்த எண்கள் என்ன?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அமெரிக்கக் கல்வித் துறையின் புள்ளிவிவர மையம் 1980-இல் உருவாக்கிய ‘சிப்’ என்ற பாட வகைப்பாட்டின் எண்கள் அவை. 45 என்பது சமூக அறிவியல், அதில் 06 பொருளாதாரம், கடைசி இரண்டு இலக்கங்கள் உட்பிரிவு. 01 என்றால் பொதுப் பொருளாதாரம். 03 என்றால் பொருளாதார அளவையியலும் அளவுசார் பொருளாதாரமும். எந்தப் பாடத்தில் எத்தனை பேர் பட்டம் பெறுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதற்காகத் தொடங்கிய ஏற்பாடு இது.

பின்னாளில் அந்நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, ‘ஸ்டெம்’ எனப்படும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகள் எவை என்று தீர்மானிக்க இதே எண்களைக் கையில் எடுத்துக்கொண்டது. படிப்பு முடிந்ததும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் ஓ.பி.டி. என்ற பயிற்சி அனுமதியில் 12 மாதங்கள் வேலை செய்யலாம். அவருடைய படிப்பின் எண் ஸ்டெம் பட்டியலில் இருந்தால், 2016 முதல் நடப்பில் உள்ள விதியின்படி மேலும் 24 மாதங்கள் நீட்டிப்புக் கோரலாம். 45.0603 அந்தப் பட்டியலில் இருக்கிறது, 45.0601 இல்லை. இதைக் கண்டுகொண்ட பொருளாதாரத் துறைகள் பல, தங்கள் படிப்பின் கணிதப் பகுதியைச் சுட்டிக்காட்டி, எண்ணை மாற்றிக்கொண்டன. தலைக்கணக்கு எடுக்க வந்த எண், விசாவுக்கு வாயிற்காவலனாக நிற்பது வேடிக்கைதான்.

எந்த எண் என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். மாணவர் விரும்பியபடி மாற்ற முடியாது. முதல் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர்களும் சிறப்பாக இருந்தால், எண்ணை மாற்றும் எண்ணம் துறைக்கு உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டாவதை எடுத்தால் கணிதமும் நிரலாக்கமும் கூடுதலாக இருக்கக்கூடும். மகனுக்கு அதில் பிடிப்பு உண்டா என்பது உங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: பி.சி.ஏ., பி.எஸ்ஸி. கணினி அறிவியல் இரண்டும் ஒன்றுதானே?
– ஒரு மாணவி, தேனி

பதில்: பாடங்களில் பாதிக்கு மேல் ஒத்துப்போகலாம். மேற்பார்வைதான் வேறு: 2024–25 கல்வியாண்டு முதல் பி.சி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வரம்புக்குள் வந்துவிட்டது, பி.எஸ்ஸி. அப்படி வரவில்லை. எனவே பி.சி.ஏ.வில் சேர்வதென்றால், அந்தக் குழுவின் ஒப்புதல் கல்லூரிக்கு நடப்பாண்டுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.