டிசம்பரில் எந்த வாழ்த்தைச் சொல்வது?

கேள்வி: பாளையங்கோட்டையில் பிறந்த கிறிஸ்தவப் பெண் நான். இப்போது அமெரிக்காவில், நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்று அச்சிட்ட அட்டையை அலுவலகத்தில் எல்லோர் மேசையிலும் வைத்தேன். மேலாளர் என்னைத் தனியே அழைத்து, ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ என்று இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்றார். எங்கள் சபையிலோ, அப்படிச் சொல்வது கிறிஸ்துவை மறுதலிப்பதாகும் என்கிறார்கள். நான் என்ன செய்வது?
(வாசகி, நியூஜெர்சி)

பதில்: முதலில் சபையாரின் அச்சத்தைப் பார்ப்போம். ‘ஹாலிடே’ என்ற சொல், பழைய ஆங்கிலத்தில் ‘புனித நாள்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்தே வந்தது. பலர் முகம் சுளிக்கும் ‘எக்ஸ்மஸ்’ என்பதிலுள்ள ‘எக்ஸ்’கூட, கிரேக்க மொழியில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் எழுத்துதான். முன்பெல்லாம் அமெரிக்கர் அனைவரும் கிறிஸ்துமஸைக் கொண்டாடினார்கள், இப்போதுதான் அதை மறைக்கிறார்கள் என்ற எண்ணமும் சரியன்று. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தவர்கள், அந்த நாளுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்று கருதிய தீவிரக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்களே. அச்சட்டம் நீங்க 1681 வரை ஆயிற்று. கூட்டாட்சி அரசு கிறிஸ்துமஸை விடுமுறை நாளாக்கியது 1870-இல்தான்.

மேலாளர் சொன்னதிலும் நியாயம் உண்டு. யூதர்களின் ஹனுக்கா பண்டிகை எட்டு இரவுகள் நீளும். அவர்களுடைய நாள்காட்டிப்படி வருவதால் ஆண்டுதோறும் தேதி மாறும். 2024-இல் டிசம்பர் 25 மாலையிலேயே தொடங்கியது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்காக மவுலானா கரெங்கா 1966-இல் தொடங்கிய குவான்சா பண்டிகை டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை நடக்கிறது. கிறிஸ்தவர்களிலேயே பழைய நாள்காட்டியைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபையார் சிலருக்கு ஜனவரி 7-தான் கிறிஸ்துமஸ். எதிரே நிற்பவர் இவர்களில் யார் என்று தெரியாத கடைக்காரர் பொதுவாக வாழ்த்துவதில் என்ன பிழை?

ஆனால் உங்கள் சக ஊழியர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள். பாளையங்கோட்டையில் தீபாவளிக்கு அடுத்த வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்த தட்டு வெறுமையாகத் திரும்பியிருக்காது. கிறிஸ்துமஸுக்கு அதே தட்டில் கேக்கும் அச்சுமுறுக்கும் போயிருக்கும். அந்த வீட்டாரும் நீங்களும் ‘பண்டிகைக்கால வாழ்த்துகள்’ என்றா சொல்லிக்கொண்டீர்கள்? எது யாருடைய பண்டிகை என்று தெரிந்திருந்ததால் பெயர் சொல்லியே வாழ்த்திக்கொண்டீர்கள். அலுவலகத்திலும் அதையே செய்யலாம். பொது அறிவிப்புப் பலகைக்குப் பொதுவான அட்டை. கிறிஸ்துமஸ் கொண்டாடும் தோழிக்குக் கிறிஸ்துமஸ் அட்டை. யூத நண்பருக்கு அவருடைய பண்டிகை நாளில் அவருடைய பண்டிகைக்கான வாழ்த்து. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூத மரபில் ஹனுக்கா பெரிய பண்டிகைகளுள் ஒன்றன்று. டிசம்பரில் வருவதால் அதை ‘யூதர்களின் கிறிஸ்துமஸ்’ ஆக்கிவிடுகிறோம். அவருடைய புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்குச் செப்டம்பரிலோ அக்டோபரிலோ நீங்கள் வாழ்த்துச் சொன்னால், அவர் உண்மையிலேயே மகிழ்வார்.

எந்த வாழ்த்தைச் சொல்வது என்ற இந்தச் சண்டை பெரும்பாலும் கடைகளின் கல்லாப்பெட்டியைச் சுற்றியே நடக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். கடைகளின் கிறிஸ்துமஸ் 25-ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறது. திருச்சபையின் கிறிஸ்துமஸோ அன்றுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் காத்திருப்பின் காலம். 1843-இல் ஹென்றி கோல் லண்டனில் அச்சிட்ட முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டையின் நடுவில் ஒரு குடும்பம் திராட்சை மதுக் கிண்ணங்களை உயர்த்துகிறது. குழந்தையும் மது அருந்துவதாக வரைந்திருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். இரு ஓரங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் படங்கள் இருந்தன. அவற்றைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ‘சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்’ மரியாள் பிள்ளையை முன்னணையில் (மாட்டுத் தீவனத் தொட்டியில்) கிடத்தினாள் என்று லூக்கா சொல்லும் கதைக்கு நெருக்கமாக அந்த அட்டையில் இருந்தவை அந்த ஓரப் படங்களே என்பது என் கருத்து. உங்கள் சபையார் வாழ்த்துச் சொல்லைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில், டிசம்பர் குளிரில் தங்க இடமில்லாதவர்களுக்குச் சபைக் கூடத்தைத் திறந்துவிடலாமா என்று பேசிப் பார்க்கட்டும்.

கேள்வி: நான் இந்து. டொரன்டோவில் அடுத்த வீட்டு இலங்கைத் தமிழர் ‘நத்தார் வாழ்த்துகள்’ என்கிறார். பதிலுக்கு நான் என்ன சொல்வது?
(வாசகர், டொரன்டோ)

பதில்: ‘நத்தார் வாழ்த்துகள்’ என்றே சொல்லுங்கள். கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் ‘நத்தால்’ என்ற போர்ச்சுக்கீசியச் சொல் இலங்கைத் தமிழில் நத்தார் ஆயிற்று. அவருடைய மகிழ்ச்சியில் பங்குகொள்ள நீங்கள் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. 25-ஆம் தேதி சொல்ல மறந்துவிட்டாலும் வருந்த வேண்டாம். திருச்சபையின் கிறிஸ்துமஸ் காலம் ஜனவரி 6 வரை இருக்கிறது.