பொதுச் சார்ஜிங்: புதிதாக மின்கார் வாங்கியவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, 22 கிலோவாட் என்று எழுதியிருந்த ஏசி (மாறுதிசை மின்சாரம்) சார்ஜரில் என் புதிய காரை இணைத்தேன். 7 கிலோவாட்டுக்கு மேல் ஏறவே இல்லை. சார்ஜர் பழுதா?

பதில்: பழுது இல்லை. பேட்டரி டிசி (நேர்திசை) மின்சாரத்தை மட்டுமே ஏற்கும். ஏசியை டிசியாக மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர்தான் செய்கிறது. தூணில் இருக்கும் பெட்டியைச் சார்ஜர் என்று அழைத்தாலும், அது காருடன் பேசி மின்சாரத்தைப் பாதுகாப்பாக அனுப்பும் இணைப்பு மட்டுமே. உங்கள் ஆன்போர்டு சார்ஜர் ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர் எடுப்பதாக இருந்தால், 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 7.4 கிலோவாட்டில் நின்றுவிடும். 22 கிலோவாட் பெற, மூன்று ஃபேஸிலும் 32 ஆம்பியர் எடுக்கும் கார் வேண்டும். அத்தகைய கார்கள் குறைவு. டிசி நிலையத்தில் மாற்றும் வேலை வெளியிலேயே முடிந்து, மின்சாரம் நேராகப் பேட்டரிக்குச் செல்கிறது. ஆகவே பலகையில் உள்ள எண்ணைப் பார்ப்பதற்கு முன்பு, காரின் ஏசி உச்சம், டிசி உச்சம் என்ற இரண்டு எண்களையும் கையேட்டிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். காருக்கும் நிலையத்துக்கும் எது சிறிய எண்ணோ, அதற்கு மேல் ஒருபோதும் கிடைக்காது.

கேள்வி: எல்லா நிலையங்களிலும் கேபிள் இருக்குமா?

பதில்: டிசி நிலையங்களில் கேபிளும் கன்னும் (காரில் செருகும் கைப்பிடி) சேர்ந்தே இருக்கும். ஏசி நிலையங்கள் பலவற்றில் டைப் 2 என்ற வகைச் சாக்கெட் மட்டுமே இருக்கும் என்பதால், சொந்தக் கேபிளைக் காரிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: என் காரின் டிசி உச்சம் 150 கிலோவாட். 350 கிலோவாட் நிலையத்தில் இணைத்தும் 40தான் வந்தது. அப்போது பேட்டரி 75 சதவீதத்தில் இருந்தது.

பதில்: விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. 150 என்பது பேட்டரி ஓரளவு காலியாகவும் ஏற்ற வெப்பத்திலும் இருக்கும்போது, சிறிது நேரத்துக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சம். நிரம்ப நிரம்பப் பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். 80 சதவீதத்துக்கு மேல் அந்தக் குறைவு மிகக் கூர்மையானது. குளிர்ந்த பேட்டரியும் மெதுவாகவே ஏற்கும். இதற்காகவே, காரின் வழிகாட்டியில் சார்ஜிங் நிலையத்தைச் சேருமிடமாகக் கொடுத்தால் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும் வசதி சில கார்களில் உண்டு. நீண்ட பயணத்தில் 10 சதவீதத்துக்கு அருகில் சென்று 70 அல்லது 80இல் கிளம்புவதே விரைவான வழி. ஆனால் அந்த 10 சதவீதம், முதல் நிலையம் இயங்காவிட்டால் அடுத்த நிலையம் வரை செல்லப் போதுமானதா என்று முன்பே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 120 கிலோவாட் நிலையத்தில் எனக்கு 60தான் வந்தது. ஏன்?

பதில்: மேலே சொன்ன காரணங்களை முதலில் பாருங்கள். பக்கத்துக் கன்னில் இன்னொரு கார் இருந்திருந்தால், நிலையம் தன் திறனை இரண்டாகப் பிரித்திருக்கலாம்.

கேள்வி: 80இல் நிறுத்தச் சொல்கிறீர்கள். என் காரின் கையேடு வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்கிறது. யாரை நம்புவது?

இன்னொருவர்: கையேட்டை நம்பாதீர்கள். 100 வரை ஏற்றினால் பேட்டரி கெட்டுவிடும்.

பதில்: கையேட்டை நம்பாதீர்கள் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நீங்கள் இருவரும் வெவ்வேறு பேட்டரிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் மின்னழுத்தம், இருப்பின் பெரும்பகுதி வரை ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால், எவ்வளவு மீதமுள்ளது என்ற கணிப்பு நாளடைவில் பிசகிவிடும். முழுமையாக ஏற்றினால்தான் அது சரியாகும்; உங்கள் கையேடு கேட்பது இதற்காகத்தான். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த பேட்டரியோ முழு இருப்பில் நீண்ட நேரம் நின்றால் விரைவில் மூப்படையும்.

அதே இன்னொருவர்: அப்படியானால் வேக நிலையத்தில் 100 வரை காத்திருப்பவர்கள் செய்வது சரியா?

பதில்: இல்லை. கையேடு கேட்கும் அந்த முழு ஏற்றத்தை ஏசியில், இரவு முழுவதும் நிற்கும் இடத்தில் செய்யலாம். அடுத்த ஊரை எட்ட அந்தக் கூடுதல் சார்ஜ் உண்மையிலேயே தேவைப்பட்டால் காத்திருப்பதில் தவறில்லை. தேவையின்றி கடைசி 20 சதவீதத்துக்காக டிசி கன்னைப் பிடித்துவைத்திருந்தால், பின்னால் நிற்பவரின் பயணம் தடைபடும். சார்ஜ் முடிந்தும் நகராத காருக்குத் தனிக் கட்டணம் விதிக்கும் நிலையங்களும் உண்டு.

கேள்வி: மழையில் இணைக்கலாமா?

பதில்: இணைக்கலாம். காரும் நிலையமும் சமிக்ஞை பரிமாறி, இணைப்பு சரி என்று உறுதிசெய்த பிறகே மின்சாரம் பாயும். கேபிளோ கன்னோ உடைந்திருந்தால் மட்டும் தொடவே வேண்டாம்.

கேள்வி: பொது நிலையங்களில் சார்ஜ் செய்ய எத்தனை செயலிகள் தேவை?

பதில்: உங்கள் வழியில் உள்ள நிலையங்களுடையவை அனைத்தும். வீட்டிலேயே பதிவுசெய்து பணமும் செலுத்திவையுங்கள், ஏனெனில் சிக்னல் இல்லாத இடத்தில் புதிய செயலி இறங்காது. மாற்று நிலையத்தின் செயலியையும் மறக்காதீர்கள்.

கேள்வி: 11 கிலோவாட் ஏசியில் என் காருக்கு 3.3தான் வருகிறது. நிலையத்தின் மீது புகார் கொடுக்கலாமா?

பதில்: முதல் கேள்விக்கான பதிலை முழுவதும் படித்துவிட்டு, உங்கள் ஆன்போர்டு சார்ஜரின் எண்ணைப் பாருங்கள். அது 3.3 என்றால் புகாருக்கு இடமே இல்லை.