ட்ராய் மண்ணில் முதலில் கால் வைத்த கிரேக்க அரசன் யார்?

அவன் பெயர் புரோட்டெசிலாவோஸ். தெசலியில் இருந்த ஃபிலாகே நாட்டின் அரசன். கிரேக்கர்கள் ட்ராய் நகர்மீது தொடுத்த போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியம், இரண்டாம் காண்டத்தில் வரும் கப்பற்பட்டியலில் அவனுக்குச் சில வரிகளையே ஒதுக்குகிறது. எல்லோருக்கும் முன்பாகக் கப்பலிலிருந்து கரையில் குதித்தபோதே அவன் கொல்லப்பட்டான் என்றும், ஊரில் கன்னங்களைக் கீறிக்கொண்டு அழும் மனைவியும் பாதி கட்டிய வீடுமே எஞ்சின என்றும் அவ்வரிகள் கூறுகின்றன. போரின் விலையை அந்தப் பாதி வீடு உணர்த்துவதுபோல நீண்ட போர்க்கள வருணனைகள்கூட உணர்த்துவதில்லை என்பேன். அவனுடைய 40 கப்பல்களுக்கும் தம்பி போடார்கேஸ் தலைமையேற்றான்.

முதலில் இறங்குபவன் மாள்வான் என்ற வாக்கு முன்பே இருந்ததாகவும், அவனைக் கொன்றவன் ட்ராய் இளவரசன் ஹெக்டர் என்றும், மனைவி லவோதாமியாவுக்கு இரங்கிய தேவர்கள் சிறிது நேரத்துக்கு மட்டும் அவனைப் பாதாளத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள் என்றும் பிற்காலக் கதைகள் சொல்கின்றன.

காவியத்தில் சிறு பாத்திரமானாலும், வழிபாட்டில் அவன் சிறியவன் அல்லன். இன்றைய துருக்கியின் கல்லிப்போலி தீபகற்பத்தில் இருந்த எலயூஸ் நகரில் அவனுடைய கல்லறை போற்றப்பட்டது. கி.மு. 334இல் ஆசியாவுக்குள் படையெடுத்த அலெக்சாந்தர், தன் தரையிறக்கமாவது நல்லபடியாக அமைய வேண்டும் என்று வேண்டி அங்கே பலியிட்டான்.